கோள்சொல்லிக் கண்ணாடி

ஏணியின் பதினான்காவது படியில் நின்று, ஒரு பசை டியூபைப் பல்லில் கடித்துக்கொண்டு, இன்னொன்றைச் சுவரில் பிதுக்கிக்கொண்டிருந்தபோது, வாசலில் வேன் வந்து நிற்கும் சத்தம் மணிக்காரருக்குக் கேட்டது.

"போச்சுடா!" என்றார். வாயில் டியூப் இருந்ததால் அது "ஓச்சுடா" என்று வெளியே வந்தது.

பன்னிரண்டு மணிக்கு வருகிறோம் என்று சொன்னவர்கள் பத்து ஐம்பதுக்கே வந்துவிட்டார்கள். ஆபீஸ் ஆட்கள் சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்து அவர் தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை. லேட்டாக வந்தால் மனசுக்குள் நாலு வார்த்தை திட்டிக்கொள்ளலாம். சீக்கிரம் வந்தவர்களை என்ன செய்வது?

விஷயம் இதுதான். அந்தப் பழைய சர்ச்சின் வடக்குச் சுவரில், மணிக்கூண்டுக்குப் போகும் கதவுக்கு மேலே, ஒரு விரிசல் இருந்தது. தலைமுடி அகலம்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் கட்டடப் பாதுகாப்பு ஆபீஸிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டினார். அதன்மேல் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். சுவர் சும்மா இருந்தால் கண்ணாடியும் சும்மா இருக்கும். சுவர் இம்மி நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடைந்தால் சர்ச்சுக்குப் பூட்டு. ஆபீஸில் இதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. மணிக்காரர் வைத்த பெயர் கோள்சொல்லி.

மாதாமாதம் இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டுப் போவார். பெரும்பாலும் அது மணிக்காரர் மதியத் தூக்கம் போடும் நேரமாக இருக்கும். மகள்தான் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிடுவாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கோள்சொல்லி உடைந்து கிடந்தது. மணிக்காரர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மகள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கீறல் விழுந்தது என்று ஒதுக்கிய, ரத்தத்துளி தடவிப் பார்க்கும் கண்ணாடிச் சில்லுகள் ஒரு பெட்டி வீட்டில் இருந்தன. அதில் ஒன்றை எடுத்து, பழைய தேதியைப் பார்த்து எழுதி, கையெழுத்தையும் பார்த்துப் போட்டு, சத்தமில்லாமல் ஒட்டிவிட்டார். போன வாரம் அதுவும் உடைந்தது. மறுபடி ஒட்டினார். இன்று காலை மூன்றாம் தடவை.

இன்று புதன். சனிக்கிழமை இதே சர்ச்சில் மகளுக்குக் கல்யாணம்.

மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. வீட்டில் அவர் பெயரே கப்பல் என்றாகிவிட்டது. கப்பல் வெள்ளிக்கிழமை கரையிறங்கும், பத்து நாள் இருக்கும், பிறகு கிளம்பினால் பதினெட்டு மாதம். மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பு வாசித்தாயிற்று. இருபத்தாறு வருஷமாக ஊரான் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் கயிறு இழுத்து இழுத்து மணிக்காரரின் உள்ளங்கை செருப்புத்தோல் மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கையால் சொந்த மகளுக்காக ஒருநாள் இழுக்க வேண்டும். வேறு ஆசை எதுவும் அவருக்கு இல்லை. இப்போது பூட்டு விழுந்தால் கல்யாணம் நிற்கும், கப்பல் போய்விடும். போன கப்பல் அடுத்த முறை எந்தத் துறைமுகத்தில் ஒதுங்கும் என்று யார் கண்டது?

"நூத்தெழுபது வருஷமா நிக்கிற சுவரு, இன்னும் மூணு நாள் நிக்காதா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு, தானே தலையாட்டி, கண்ணாடியைப் பசையில் அழுத்தினார்.

பசை அட்டையில் அச்சடித்திருந்தது: முழுதாக இறுக நாற்பது நிமிடம். அதுவரை தொட வேண்டாம்.

பதினொன்றரை வரை யாரும் இந்தச் சுவரின் பக்கம் வரக்கூடாது. மணிக்காரர் ஏணியிலிருந்து இறங்கவில்லை, வழுக்கினார். ஏணியை மணிக்கூண்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். வேட்டியில் கையைத் துடைத்தார். கை ஒட்டிக்கொண்டது. பிய்த்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

வேனிலிருந்து முதலில் இறங்கியது ஒரு தொப்பி. அதற்குக் கீழே பேராசிரியர். பாரம்பரியக் கட்டடக் குழுவின் தலைவர். போன வாரமே தனியாக வந்து ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுப் போனவர். எந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்தாலும் அதைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருப்பார். எழுதாவிட்டால் எழுதியதாகச் சொல்வார். அவருக்குப் பின்னால் குழு உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு கேமரா. சர்ச்சைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று பார்ப்பது அவர்கள் வேலை.

கடைசியாக, கைக்குள் ஒரு ஃபைலுடன், இன்ஜினியர் இறங்கினார். முப்பது வயது இருக்கும். சிரித்து யாரும் பார்த்ததில்லை. போன வருஷம் தன் மேலதிகாரியின் அறையையே, அவர் உள்ளே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே, பாதுகாப்பற்றது என்று எழுதிப் பூட்டியவர். பொய் எழுத மாட்டார். கேட்காத கேள்விக்குப் பதிலும் சொல்ல மாட்டார். இப்படி ஓர் ஆளை ஆபீஸில் யார் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள்? ஊர் ஊராக விரிசல் பார்க்க அனுப்பிவிட்டார்கள்.

ஃபாதர் அங்கியைச் சரிசெய்தபடி வந்து எல்லோரையும் வரவேற்றார். கேமராக்களைப் பார்த்ததும் இன்னொரு முறை சரிசெய்துகொண்டார்.

"முதல்ல விரிசலைப் பாத்துடலாம்," என்றார் இன்ஜினியர்.

"அய்யய்யோ, அதெப்படிங்க!" மணிக்காரரின் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "இவ்ளோ பெரியவங்க இவ்ளோ தூரம் வந்திருக்காங்க. வீட்டுக்கு வந்தவங்களுக்கு முதல்ல உடைஞ்ச பக்கெட்டையா காட்டுவோம்? கட்டடத்தைச் சுத்திப் பாருங்க. நான் சொல்றேன்."

ஃபாதர் திகைத்தார். இருபத்தாறு வருஷத்தில் மணிக்காரர் தொடர்ந்து பேசிய நீளமான வாக்கியம் "சாவி எங்க வெச்சேன்?" என்பதுதான்.

"அருமை," என்றார் பேராசிரியர். "மண்ணின் குரல்! ரெக்கார்டரை ஆன் பண்ணுங்க."

பத்து ஐம்பத்தேழு.

மணிக்காரர் வாசற்படி தாண்டியதும் நின்றார். "மேல பாருங்க," என்றார். பதினைந்து கழுத்துகள் மடங்கின. "இந்தக் கூரை ஏன் இவ்ளோ செங்குத்தா இருக்கு, சொல்லுங்க பாப்போம்?"

யாருக்கும் தெரியவில்லை.

"பனி விழுந்தா வழுக்கிக்கிட்டுப் போறதுக்கு."

"இங்க ஏதுங்க பனி?" என்றார் கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் அம்மா, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

"அதான் பாருங்க, கட்டின நாள்லேருந்து ஒரு பொட்டுப் பனி தங்கினதில்ல. அப்பேர்ப்பட்ட கூரை!"

இதில் பொய் இல்லை. படம் வரைந்தவர் கடலுக்கு அந்தப் பக்கம், கணப்பு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தார். இந்த ஊரை அவர் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத ஊரையே ஆண்டவர்கள், பார்க்காத ஊருக்குக் கூரை போடுவதற்கா யோசிக்கப் போகிறார்கள்?

"தட்பவெப்பத்துக்கு எதிரான ஏகாதிபத்தியத்தின் முறைப்பு," என்று பேராசிரியர் ரெக்கார்டரிடம் சொன்னார். "என் மூன்றாவது நூலில் விரிவா எழுதியிருக்கேன்."

பதினொன்று இரண்டு. உண்மை ஐந்து நிமிடம் தந்தது. இனி கற்பனையில் இறங்க வேண்டியதுதான்.

தூண்களுக்கு வந்தார்கள். பதினெட்டு தூண், ஒவ்வொன்றின் உச்சியிலும் சுருள் சுருளாக இலை. "இது என்ன இலைன்னு நினைக்கிறீங்க?" என்றார் மணிக்காரர். யோசிக்க விட்டால் பேராசிரியர் சரியான பதிலைச் சொல்லிவிடும் அபாயம் இருந்தது. அதனால் மூச்சு விடாமல் தொடர்ந்தார். "முட்டைக்கோஸ்! படத்துல இருந்த இலையைக் கொத்தனார் பாத்ததே இல்ல. எந்த இலைய்யா இதுன்னு துரையைக் கேட்டிருக்காரு. துரை அப்ப சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. தட்டைக் காட்டிட்டாரு."

மணிக்காரர் பேராசிரியரின் முகத்தையே பார்த்தார். ஓவராகப் போய்விட்டோமோ?

பேராசிரியர் கண்களை மூடினார். தெரியாது என்று சொல்வதற்கும் தெரியும் என்று சொல்வதற்கும் இடையில் அவருக்கு எப்போதும் அந்த அளவு அவகாசம்தான் தேவைப்படும். "ஆமா," என்றார். "முட்டைக்கோஸ் மரபு. இதப் பத்தி ஒரு அடிக்குறிப்பு போட்டிருக்கேன். யாரும் கவனிக்கல."

பன்னிரண்டு கேமராக்களும் முட்டைக்கோஸை நோக்கி உயர்ந்தன. "உண்மைல முட்டைக்கோஸேதான்!" என்று கறுப்புக் கண்ணாடி அம்மா உருகினார். "நரம்பெல்லாம் தெரியுதே!"

மணிக்காரருக்குத் தைரியம் பிறந்தது.

"பன்னெண்டாவது தூண்ல காதை வெச்சுக் கேளுங்க," என்றார். "அஞ்சு நிமிஷம் அசையாம நிக்கணும். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்ணு கேக்கும்."

பேராசிரியர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தூணைக் கட்டிக்கொண்டார். உறுப்பினர்கள் சுற்றிலும் ஒட்டிக்கொண்டார்கள். இடம் கிடைக்காதவர்கள் இடம் கிடைத்தவர்களின் முதுகில் காது வைத்தார்கள். ஒருவருக்குக் கடல் கேட்டது. ஒருவருக்குப் பாட்டு. கறுப்புக் கண்ணாடி அம்மாவுக்கு மறைந்த கணவரின் இருமல் கேட்டதால் இரண்டு நிமிடம் அழுதார். ஃபாதரும், ஒரு போட்டோவில் விழட்டுமே என்று, கன்னத்தைத் தூணில் சாய்த்தார்.

இன்ஜினியர் மட்டும் தள்ளி நின்று ஃபைலில் ஏதோ எழுதினார். மணிக்காரர் எட்டிப் பார்த்தார். 'தூண் 12: உள்ளே மழைநீர்க் குழாய்' என்று இருந்தது. யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"ஐயா," என்று மெதுவாகக் கூப்பிட்டார் இன்ஜினியர். "விரிசல்..."

"இதோ, வழியிலேயே ஜன்னல் ஒண்ணு இருக்கு. அதைத் தாண்டிதானே போகணும்?"

ஜன்னல் வழியில் இல்லை. நேர் எதிர்ப் பக்கம் இருந்தது. கூட்டத்தை ஓட்டிக்கொண்டு போனார்.

வண்ணக் கண்ணாடியில் ஓர் இடையர், சுற்றிலும் ஆடுகள். அந்தக் காலத்தில் மரப்பெட்டிகளில், வைக்கோலுக்குள், துண்டு துண்டாக வந்து இறங்கிய ஜன்னல். எந்தத் துண்டு எங்கே என்று எழுதியிருந்த தாள் பெட்டியோடு வரவில்லை. ஊரில் இருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்தபடி பொருத்தினார்கள். இடையருக்கு இரண்டும் இடது கையாக அமைந்தது. ஓர் ஆடு மேகத்துக்குள் மேய்ந்தது. இதுவும் முழு உண்மை. பொய் சொல்லவே தேவைப்படாத ஒரே ஜன்னல். ஆனால் மணிக்காரர் வாயைத் திறக்குமுன் பேராசிரியர் முந்திக்கொண்டார்.

"ரெண்டு இடது கை. தற்செயலா? இல்லவே இல்ல! வலது கை அதிகாரத்தின் கை. அதை மறுத்த ஒரு கலைஞன், ஆள்றவன் கண்ணு முன்னாலேயே கலகம் பண்ணியிருக்கான். மேகத்துல மேயற ஆடு யாரு? அது நாமதான்!"

எல்லோரும் ஆட்டை மரியாதையோடு பார்த்தார்கள். ஓர் உறுப்பினர் கைதட்டினார். பேராசிரியர் பேசப் பேச மணிக்காரருக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. ஒரு பைசா பொய் செலவில்லாமல் ஒன்பது நிமிடம்!

பதினொன்று இருபது.

அப்போதுதான் பக்கவாசல் வழியாக மகள் சாப்பாட்டுக் கேரியருடன் உள்ளே வந்தாள். டொக்கென்று சத்தம் கேட்டது. இன்ஜினியரின் பேனா கீழே விழுந்து ஒரு பெஞ்சுக்கடியில் உருண்டது. அவர் குனிந்து வெகு நேரம் தேடினார்.

"என்னப்பா, கச்சேரியா? வாசல் வரைக்கும் உங்க குரல் கேக்குது."

"சர்ச்சைச் சுத்திக் காட்டறேன் கண்ணு. நீ அதை வெச்சுட்டு வீட்டுக்குப் போ."

அவள் போகவில்லை. நேராக இன்ஜினியரிடம் வந்தாள். "வணக்கம் சார்."

"வணக்கம்ங்க," என்றது பெஞ்சுக்கடியிலிருந்து ஒரு குரல்.

"விரிசலைப் பாத்துட்டீங்களா சார்?"

"இன்னும் இல்லைங்க."

"என்னப்பா இது, எல்லாத்தையும் காட்டிட்டு முக்கியமானதை விட்டுட்டீங்க? வாங்க சார், நான் காட்டறேன். எல்லாரும் வாங்க."

பெற்ற பெண்ணே, தன் கல்யாணத்துக்குத் தானே பூட்டு எடுத்துக் கொடுக்கிறாளே! விவரம் தெரியாத பிள்ளை. அவளுக்கு எங்கே தெரியப் போகிறது, அப்பா மூன்று வாரமாக எந்தத் தீயை மடியில் கட்டிக்கொண்டு திரிகிறார் என்று.

கூட்டம் வடக்குச் சுவரை நோக்கி நகர்ந்தது. பதினொன்று இருபத்துநாலு. இன்னும் ஆறு நிமிடம்.

"மணி!" என்று கத்தினார் மணிக்காரர். "மணியடிக்கிற நேரம்! யாரும் பேசக்கூடாது, அசையக்கூடாது. பழைய கட்டுப்பாடு."

"அது பன்னெண்டுக்குத்தானே?" என்றார் ஃபாதர்.

மணிக்காரர் காதில் வாங்காமல் மணிக்கூண்டுக்குள் பாய்ந்து கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். பெரிய மணி ஊரை உலுக்கியது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு இடைவேளை என்று பிள்ளைகள் திமுதிமுவென்று வெளியே ஓடிவந்தார்கள். எதிர்க் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கைக்கடிகாரத்தை ஆட்டிக் காதில் வைத்துப் பார்த்தார். தையற்கடையில் ஒரு மெஷின் நின்றது.

மூன்றாவது நிமிடத்தில் மணிக்காரருக்கு உறைத்தது. மணி ஆடினால் கூண்டு அதிரும். கூண்டு அதிர்ந்தால் சுவர் அதிரும். சுவரில் ஈரப்பசை! "அட மடையா!" என்று தன் தலையில் அடித்துக்கொள்ளக் கையை எடுத்தார். கயிறு அவரை இரண்டடி மேலே தூக்கிப் போட்டது.

தள்ளாடி வெளியே வந்தபோது, அவர் கயிற்றோடு மல்லாடிய நேரத்தில் இன்ஜினியர் கூண்டுக்குள்ளிருந்து ஏணியை எடுத்துச் சாத்திவிட்டிருந்தார். மேலே ஏறிக்கொண்டும் இருந்தார். மகள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கண்ணாடி அங்கேயே இருந்தது. விழவில்லை. மணிக்காரர் மனசுக்குள் எல்லாத் திசையிலும் கும்பிட்டார்.

இன்ஜினியர் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு விரலால் ஓரத்தைத் தொட்டு, விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு விரிசலின் மேல் முனையிலிருந்து கீழ் முனைவரை அங்குலம் அங்குலமாக ஓர் அளவுகோலை வைத்து எழுதினார்.

"ஐயா," என்றார் மேலேயிருந்து. "இது நான் ஒட்டின கண்ணாடி இல்ல."

மணிக்காரர் வேட்டியில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டினார்.

"ரத்தம் பாக்கற சில்லு இது. ஒரு ஓரம் சொரசொரப்பா இருக்கு. அந்த எடத்துல நோயாளி பேரு எழுதுவாங்க. நீங்க என் பேரை எழுதியிருக்கீங்க." சற்று நிறுத்தினார். "கையெழுத்து என்னோடதை விட நல்லாவே இருக்கு."

"மணிக்காரரே!" என்றார் ஃபாதர்.

மணிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மூன்று தடவை உடைந்தது, மூன்று தடவை ஒட்டியது, கப்பல், பதினெட்டு மாதம், நாற்பது நிமிடப் பசை, முட்டைக்கோஸ் வரை. முட்டைக்கோஸ் வந்தபோது பேராசிரியர் ரெக்கார்டரை அவசரமாக அணைத்தார்.

"உடைஞ்ச துண்டுங்களை என்ன பண்ணீங்க?" என்று கேட்டார் இன்ஜினியர்.

"கூண்டு மாடத்துல பொட்டலம் கட்டி வெச்சிருக்கேன். வெளியில போட்டா யார் காலையாவது கிழிச்சிடுமே."

பொட்டலம் வந்தது. இன்ஜினியர் துண்டுகளைப் பெஞ்சின்மேல் பரப்பி, உடைந்த முறுக்கைச் சேர்ப்பதுபோல் ஒன்றோடொன்று சேர்த்தார். மூன்று கண்ணாடிகளும் உருவாயின. மூன்றின் நடுவிலும் ஒரு சின்னக் குழி. குழியிலிருந்து சிலந்திக்கால் மாதிரி சுற்றிலும் கோடுகள்.

"சுவர் நகர்ந்தா கண்ணாடி இழுபட்டு, விரிசலுக்கு நேரா ஒரே கோடாத்தான் உடையும்," என்றார். "இது அப்படி இல்ல. இது சுத்தியல். யாரோ தட்டி உடைச்சிருக்காங்க."

"அப்போ சுவரு?"

"இம்மி அசையல. விரிசல் பூச்சுலதான். உள்ள கல்லுல இல்ல."

குழு உறுப்பினர்கள் மத்தியில் ஏமாற்றமான ஒரு முணுமுணுப்பு ஓடியது. எல்லோரையும்விட வாடிப்போனவர் பேராசிரியர். "சாயும் சுவர்னு கட்டுரைக்குத் தலைப்பே வெச்சுட்டேனே," என்றார்.

மணிக்காரர் தலையை நிமிர்த்தினார். மெதுவாக எழுந்தார். "ஓஹோ," என்றார். "சுவரு சாஞ்சா யாருக்கு லாபம்னு இப்பத்தானே தெரியுது. போன வாரம் தனியா வந்து ஒரு மணி நேரம் சுத்தினீங்களே, அது எதுக்கு?"

"என்னய்யா உளர்றே! நானா? பாரம்பரியத்தை நானா உடைப்பேன்?"

"தலைப்பு வெச்சவரு சுத்தியலும் வெச்சிருப்பாரு!"

"ஃபாதர், இந்த ஆளை அடக்குங்க! முட்டைக்கோஸ்னு சொல்லி என்னை ஏமாத்தினவன்..."

"அடிக்குறிப்பு போட்டேன்னு சொன்னது யாரு?"

ஃபாதர் இருவருக்கும் நடுவில் புகுந்தார். கறுப்புக் கண்ணாடி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு நன்றாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"அப்பா," என்றாள் மகள். "அவரை விடுங்க. உடைச்சது நான்தான்."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"மூணு தடவையும்," என்றாள். "சர்ச்சைப் பூட்டிட்டா கல்யாணம் நிக்கும். கப்பல் போயிடும். பதினெட்டு மாசத்துல மெதுவா உங்ககிட்ட பேசிக்கலாம்னு நினைச்சேன். நீங்க என்னடான்னா காலைல நான் உடைக்க உடைக்க, மதியத்துக்குள்ள ஒட்டிடறீங்க."

இன்ஜினியர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். இது அவருக்கும் புதுச் செய்தி என்பது முகத்தில் தெரிந்தது.

"ஏம்மா," என்றார் ஃபாதர். "மூணு ஞாயிறு வாசிச்சேனே. தடை இருந்தா சொல்லுங்கன்னு கேட்டேனே!"

"சபையைக் கேட்டீங்க ஃபாதர். என்னை யார் கேட்டாங்க?"

மணிக்காரர் மகளின் அருகே வந்தார். "பிடிக்கலைன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா பாப்பா?"

"சொல்ல வந்தா மணியடிக்கணும்னு எழுந்து போயிடுவீங்க. அது போகட்டும். சுவரு நகருதுன்னு நிஜமாவே நினைச்சீங்க, இல்ல? நினைச்சுக்கிட்டே, அதுக்குக் கீழயே என்னை நிக்க வெக்கப் பாத்தீங்க, இல்ல?"

நூற்றெழுபது வருஷம், மூன்று நாள் என்ற கணக்கெல்லாம் நாக்கு நுனிவரை வந்து அப்படியே செத்தது. செருப்புத்தோல் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் இருபத்தாறு வருஷ ஆசை அத்தனை சீக்கிரம் கயிற்றை விடுமா? "சரி, தப்புதான்," என்றார். "ஒத்துக்கறேன். ஆனா இப்ப சுவரு நல்லா இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. கப்பல் தம்பி தங்கமான பையன். வீட்டுல உக்காந்து பேசிக்கலாம். சார், நீங்க எழுதிக் கொடுங்க. சனிக்கிழமை சர்ச் திறந்திருக்கலாம்தானே?"

"கட்டடம் பாதுகாப்பானது," என்றார் இன்ஜினியர். "அப்படித்தான் எழுதணும்."

மகள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் எந்தச் சுவரும் நின்றிருக்காது. "எழுதுங்க சார்," என்றாள். "உள்ளதை மட்டும் எழுதுங்க."

அவர் ஃபைலைப் பெஞ்சின்மேல் விரித்து, படிவத்தை நிரப்பத் தொடங்கினார். அஸ்திவாரம்: உறுதி. சுவர்: உறுதி. கூரை: உறுதி, தேவைக்கு மேல் செங்குத்து. கட்டடப் பொறுப்பாளர்: சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பாளர் என்பது ஆபீஸ் விதி. ஆகவே அந்த இடத்தில் மணிக்காரரின் பெயரை எழுதினார். பேனா சரசரவென்று இறங்கிக்கொண்டே போய், கடைசிக் கட்டத்தில் நின்றது.

நின்றது, நின்றபடியே இருந்தது. இன்ஜினியரின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாகத் துளிர்த்தது. மேலதிகாரியைப் பூட்டியபோதுகூட அவருக்கு இப்படி வியர்த்ததில்லை. ஒருமுறை மகளைப் பார்த்தார். அவள் சரி என்று தலையை அசைத்தாள். அவர் குனிந்து, கட்டத்தில் இடம் போதாமல் ஓரம்வரை பொடி எழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, மணிக்காரரிடம் நீட்டினார்.

மணிக்காரரின் மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது. அச்சில் எதைக் கண்டாலும் உரக்க வாசிக்காமல் இருக்க முடியாத பேராசிரியர் தாளை வாங்கிக்கொண்டார். மேடைக் குரலில் ஆரம்பித்தார்.

"கட்டம் பதினொன்று. கட்டடப் பொறுப்பாளருக்கும் ஆய்வாளருக்கும் உறவு ஏதும் உண்டா? பதில்: போன மாதம் பதினாறாம் தேதி வரை இல்லை. பதினேழாம் தேதி காலை பத்தரை மணிக்குப் பதிவாளர் அலுவலகத்தில் ஏற்பட்டது."

மேடைக் குரல் சட்டென்று இறங்கியது. தாளை விலக்கி மணிக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி தாளைப் பார்த்து, மீதியை மெதுவாக வாசித்தார்.

"உறவுமுறை: மருமகன்."